கூட்டாளியும் உடந்தையும்

1. வாசித்துக் காட்டிய ஸ்டேட்மென்ட்

1930களின் கடைசியில், சித்தேரி மலையடிவாரத்து மாஜிஸ்திரேட் கோர்ட் ஒன்றில் நான் கிளார்க். அக்யூஸ்டு தமிழில் சொல்வதை இங்கிலீஷில் எழுதி, முடிந்ததும் அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். சேர்ந்த மூன்றாம் மாதமே ஒரு நிரபராதியை ஜெயிலுக்கு அனுப்ப இருந்தேன்.

சந்தனமரம் வெட்டிய கேஸ். முதல் அக்யூஸ்டு வெள்ளையன், மலைமேல் சாமை விதைக்கிறவர். வெட்டியதை ஒப்புக்கொண்டுவிட்டார். இரண்டாவது அக்யூஸ்டு சடையன், பக்கத்துக் காட்டுக்காரர். இருவரையும் எப்போதும் சேர்ந்தே பார்த்ததாக ஃபாரஸ்ட் கார்டு சொன்னதைத் தவிர இவர்மேல் சாட்சியம் கிடையாது. வராந்தாவில் வக்கீல் இவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"வெள்ளையனத் தெரியவே தெரியாதுன்னு சொல்லிடு. வூட்டுக்குப் போயிடலாம்."

சடையன் கூண்டில் ஏறியதும் மாஜிஸ்திரேட் கேட்டார், "வெள்ளையன் உனக்கு என்ன வேணும்?"

"எங் கூட்டாளிங்க, சாமி."

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் யோசிக்காமல் 'அகாம்ப்ளிஸ்' என்று எழுதினேன். கடைசியில் அதைத் தமிழில் வாசித்தேன்: "வெள்ளையனின் குற்றத்துக்கு நான் உடந்தை."

"உடந்தைன்னா என்னங்க?" என்றார் சடையன்.

"அவன் திருடுனதுல உனக்கும் பங்குன்னு அர்த்தம்."

"நான் அப்பிடிச் சொல்லலீங்களே! அவங்கிட்ட ஒரு மாடு, எங்கிட்ட ஒரு மாடு. ரெண்டையும் ஒரே ஏருல பூட்டி ரெண்டு காட்டையும் உழுவோம். மலையில அதுக்குத்தானுங்க கூட்டாளின்னு பேரு. மரம் வெட்டுனது எனக்குத் தெரியாதுங்க."

மாஜிஸ்திரேட் முன்னால் சாய்ந்தார். "கோர்ட்டுல அந்த வார்த்தைக்கு அர்த்தம் வேறப்பா. மாத்திச் சொல்றியா?"

"எப்பிடிங்க மாத்துறது? அவன் தப்பு பண்ணிட்டான். அதுக்காவ கூட்டாளி இல்லைன்னு ஆயிடுங்களா?"

தன் விடுதலையைப் பணயம் வைத்து ஒரு சொல்லைக் காப்பாற்றிய மனிதரை அதற்குமுன் நான் கண்டதில்லை.

"அவர் சொன்னதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதும். அந்த மாடுகளையும் சேர்த்து எழுதும்," என்றார் மாஜிஸ்திரேட் என்னிடம். அதுவரை 'நீ' என்று ஒருமையில் பேசியவர் இப்போது சடையனை 'அவர்' என்றதைக் கவனித்தேன்.

2. தீர்ப்புக்குப் பிறகு

வெள்ளையனுக்கு மூன்று மாதம். சடையன் விடுதலை. வெளியே வந்தவர் நேராக என்னிடம் வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"அவன் எப்பங்க திரும்புவான்?"

"ஆடி கடைசி ஆகும்."

"அப்ப மொத மழைக்கு அவங்காட்டத்தான் உழுவோணும். அவன் வூட்டுப் பொம்பள தனியா கெடந்து என்ன பண்ணும்?" என்று சொல்லிவிட்டு மலைப்பாதையில் நடந்தார்.

பிறகு ஒருநாள் அகராதியைப் புரட்டினேன். உடந்தை 'உடன்' என்பதில் பிறந்த சொல். உறவு என்றும் அதற்குப் பொருள் உண்டு. சார்ஜ் ஷீட்டில் புழங்கும் எங்களுக்குக் குற்றம் மட்டுமே தெரிந்திருக்கிறது. அன்று முதல் ரிடயர் ஆகும்வரை, கூண்டில் நிற்பவரின் சொல்லுக்கு அவரிடமே அர்த்தம் கேட்காமல் நான் பேனாவைக் காகிதத்தில் வைத்ததில்லை.