எந்த அறையானாலும் பரவாயில்லை

இங்கிலாந்துக்கு வந்து பதினான்கு வருஷமாகிறது. குளிர் பழகிவிட்டது, சப்பென்ற சாப்பாடுகூடப் பழகிவிட்டது. இன்றுவரை பழகாத ஒன்று, இந்த ஊர்க்காரர்கள் எதற்கெடுத்தாலும் “உங்களுக்கு எது வேண்டும்?” என்று கேட்பதுதான். கோடை விடுமுறைக்கு முன்னால் ஒரு ஹோட்டலில் இருந்து தொலைபேசியில் பேசிய பெண், தலையணை கெட்டியாக இருக்க வேண்டுமா, மெத்தென்று இருக்க வேண்டுமா என்று கேட்டாள். கீழ்த்தளமா, மேல்தளமா? ஏரியைப் பார்த்த அறையா, வாகனம் நிறுத்தும் இடத்தைப் பார்த்த அறையா? நான் எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைச் சொன்னேன். எதுவானாலும் பரவாயில்லை மேடம், நாங்கள் சமாளித்துக்கொள்வோம் என்றேன். அந்த ‘மேடம்’ அவளுக்குச் சிரிப்பை மூட்டியது. எவ்வளவு சுலபமான வாடிக்கையாளர் என்று பாராட்டிவிட்டு வைத்துவிட்டாள். பக்கத்தில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த என் மனைவி புஷ்பா கத்தியைக் கீழே வைத்தாள். “மூணு வாரமா நான் என்னத்துக்குங்க மண்டைய ஒடச்சிக்கிட்டேன்?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

எங்கள் மகள் தாரணிக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. பேச்சு மிகக் குறைவு. ஏதாவது வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துப்போய் அந்தப் பொருளின் மேல் வைப்பாள். தண்ணீர்க் குழாயின் மேல், பிஸ்கட் டப்பாவின் மேல், கதவின் மேல். சாப்பாடு, தண்ணீர், வெளியே போவது தவிர எதையும் அவள் இப்படிக் கேட்டதில்லை. இலங்கையில் எங்கள் ஊர்ப் பக்கத்துத் தெமோதரையில் ரயில் வளைந்து இறங்கி, ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழைந்து போகும் காணொளி ஒன்று என் தொலைபேசியில் இருக்கிறது. அதை ஆயிரம் தடவை பார்த்திருப்பாள். ஒருநாள் அதற்குக் கீழே ஒரு தீம் பார்க்கின் விளம்பரம் வந்தது, மரங்களுக்கு நடுவே சுற்றிவரும் ஒரு சின்ன ரயிலோடு. தாரணி என் விரலைப் பிடித்து அந்தப் படத்தின் மேல் வைத்தாள். எடுத்தாள், மறுபடியும் வைத்தாள். பிறகு “சாட்டர்டே” என்றாள். ஒன்பது வருஷத்தில் என் பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்ட முதல் பொருள் அது. அன்றைக்கு நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

பார்க் வீட்டில் இருந்து மூன்று மணி நேரப் பயணம், போய் வந்து ஒரே நாளில் அவளால் முடியாது. எனவே ஹோட்டல். பார்க்குக்கு உள்ளேயே ஒன்று இருந்தது. சுவரெல்லாம் சிங்கமும் கடற்கொள்ளைக்காரனும், வரவேற்பறையில் பொம்மை வேஷக்காரர்கள் வந்து பிள்ளைகளைக் கட்டிப்பிடிப்பார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. புஷ்பா ஒரே பேச்சில் தள்ளிவிட்டாள். வேஷக்காரன் தொட்டால் அந்த நாள் முடிந்தது என்றாள். நெடுஞ்சாலை ஓரத்து ஹோட்டல் மலிவு, அமைதியும்கூட. ஆனால் பார்க்கில் தாரணிக்குத் தாங்காமல் போனால் அறைக்குத் திரும்ப அரைமணி நேரம் காரில் கட்டிப்போட்டு வர வேண்டும். கடைசியில் பார்க் வாசலில் இருந்து பத்து நிமிஷ நடையில் ஒரு சாதாரண ஹோட்டலைக் கண்டுபிடித்தாள். வெறும் வெள்ளைச் சுவர், குளிர்சாதனப் பெட்டி, தொட்டி வைத்த குளியலறை, பூ வேலை இல்லாத கம்பளம். வாசல், படுக்கை, சாப்பாட்டு மேசை, ஏரிக்கரைப் பாதை, ரயில் என்று படங்களை வரிசையாக ஒட்டி ஒரு சின்னப் புத்தகம் செய்து தினமும் தாரணிக்குக் காட்டினாள். புஷ்பா பதுளை டவுனில் புடவைக்கடைக்காரர் வீட்டுப் பெண். இன்னும் நாலு ரகம் எடுத்துக் காட்டுங்கள் என்று கேட்பதும், பிடிக்கவில்லை என்று எழுந்து போவதும் அவளுக்கு ரத்தத்திலேயே இருக்கிறது.

எனக்கு அப்படியில்லை. நான் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்தவன். தோட்டத்தில் யாரும் வீட்டைத் தேர்ந்தெடுப்பதில்லை, கொடுப்பார்கள். எங்களுக்குக் கொடுத்தது வரிசையின் நட்டநடுக் காம்பரா, அதாவது ஒற்றை அறை. இடைச்சுவர் கூரைவரை போகாது. ஒரு வீட்டில் இருமினால் பத்து வீட்டுக்கும் கேட்கும். இந்தப் பக்கம் ரேடியோ, அந்தப் பக்கம் புருஷன் பெண்டாட்டி சண்டை, தைப்பூசம் வந்துவிட்டால் ஒரு வாரம் மேளம். நான் அந்தச் சத்தத்திலேயே படித்தேன், அந்தச் சத்தத்திலேயே தூங்கினேன். ஆனால் எனக்கு ஒரு அக்கா, வள்ளி. சத்தம் வந்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தலையைச் சுவரில் முட்டுவாள். பேச்சில்லை. அவளுக்கு என்ன என்று சொல்ல எங்களிடம் ஒரு வார்த்தையும் இருக்கவில்லை. ‘புள்ள ஒரு மாதிரி’ என்பார்கள், அதோடு சரி. சாயந்தரம் ரேடியோக்கள் தொடங்கியதும் அம்மா அவளைப் பீலிக்குக் கூட்டிப்போவாள். மலையில் இருந்து தண்ணீர் விழும் அந்தப் பீலியின் இரைச்சலில் வேறெதுவும் கேட்காது. நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வந்தவள், மழையிலும் இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அங்கே மகளோடு உட்கார்ந்திருப்பாள்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் வரிசையின் தொங்கல் காம்பரா காலியானது. தொங்கல் என்றால் கடைசி. ஒரு பக்கம்தான் அயல்வீடு, மறுபக்கம் மானாப்புல் மேடு. அம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். தோட்டத்தை நடத்துகிற துரையிடம் கேளுங்கள், பிள்ளையின் நிலைமையைச் சொல்லுங்கள் என்றாள். அப்பா மூன்று நாள், காலையில் ஆட்களைக் கூட்டும் பெரட்டில் வேலை பிரித்துக் கொடுத்து முடிந்ததும், ஆபீசுக்குப் போனார். தலைத்துண்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசல் தூணோரம் நின்றார். மூன்று நாளும் துரை வேலையாக இருந்தார் என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்தார். நான் பள்ளிக்கூடம் போகிற வழியில் பார்த்தேனே, துரை இரண்டு தடவை அவரைக் கடந்து போனார். அப்பா வாயைத் திறக்கவில்லை. நாலாம் நாள் அந்தக் காம்பராவை வாச்சர் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அம்மா சண்டை போடவில்லை. அப்பாவுக்குச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு வள்ளியோடு பீலிக்குப் போனாள். அதன்பிறகு அவள் இருந்தவரை அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அப்பாவை இவ்வளவு சொல்கிறேனே, நான் மட்டும் பெரிய யோக்கியனா? பதுளையில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் நாள், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று வாத்தியார் கேட்டபோது யாரும் இல்லை என்று சொன்னவன் நான். இந்த ஹோட்டலின் படிவத்திலும் ஒரு கேள்வி இருந்தது. உங்களோடு வருகிறவர்களில் யாருக்காவது விசேஷத் தேவைகள் உண்டா? புஷ்பா மற்றதையெல்லாம் பார்த்துவிட்டு அதை மட்டும் நிரப்பச் சொல்லி என்னிடம் கொடுத்திருந்தாள். நான் ‘இல்லை’ என்ற கட்டத்தில் சரி போட்டேன். ஏன் என்று கேட்டால் சரியான காரணம் சொல்லத் தெரியாது. வீட்டுக் குறையைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் ஒருநாள் அது நம்மையே திருப்பி அடிக்கும் என்ற பயம், அவ்வளவுதான். அந்தப் பயத்துக்குப் பாஸ்போர்ட் மாறியது தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்களுக்குக் கொடுத்த அறை மின்தூக்கிக்கு நேர் எதிரே. ஒவ்வொரு தடவையும் மணியடித்து, கதவு திறக்கிறது என்று ஒரு குரல் அறிவிக்கும். மறுபக்கத்துச் சுவருக்குப் பின்னால் தள்ளுவண்டிகளும் தூசு உறிஞ்சும் எந்திரமும் வைக்கிற அறை. தாரணி ஐந்து நிமிஷம் தாக்குப்பிடித்தாள். பிறகு குளியலறைக்குள் ஓடித் தண்ணீரில்லாத தொட்டியில் சுருண்டுகொண்டு, முஷ்டியால் தன் தலையிலேயே அடிக்கத் தொடங்கினாள். புஷ்பா தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்து அவள் கைக்கும் தலைக்கும் நடுவே தன் உள்ளங்கையைக் கொடுத்தாள். அடியெல்லாம் அந்தக் கையில் விழுந்தது. இப்படியே போனால் இன்றைக்கே வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான், ரயிலும் இல்லை, சனிக்கிழமையும் இல்லை. பிள்ளை முதன்முதலாக ஒன்றைக் கேட்டு, அது கிடைக்காமல் போனால், இன்னொரு தடவை வாய் திறப்பாளா? “போய்ச் சொல்லுங்க. கேட்டா என்ன, வாயிலயா அடிச்சிருவாங்க?” என்றாள் புஷ்பா. அப்போது படிவத்தில் நான் செய்ததைச் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கீழே வரவேற்பு மேசையில் கூட்டம். நான் ஓரமாக நின்று இரண்டு குடும்பங்களுக்கு வழி விட்டேன். கண்ணாடி போட்ட ஒரு வயதான பெண், “ஆர் யூ ஆல்ரைட் தேர்?” என்றாள். இந்த ஊரில் அதற்கு, உங்களுக்கு ஏதாவது வேண்டுமா என்று அர்த்தம். பதினான்கு வருஷமாகத் தெரிந்த விஷயம்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? நலமாக இருக்கிறேன், நன்றி என்றேன். அவளும் தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் திரும்பினாள். அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்திருந்தேன். ஐயோ, யாரும் கழற்றச் சொல்லவில்லையே! எனக்கு என் மேலேயே அப்படியொரு கோபம் வந்தது. தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு மேசையில் இரண்டு கையையும் ஊன்றினேன். என் மகளுக்கு ஆட்டிசம் இருக்கிறது, படிவத்தில் இல்லை என்று எழுதியது நான், அது பொய், அவளுக்குச் சத்தமில்லாத கடைசி அறை ஒன்று வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் மட்டும் கணினியைத் தட்டிக்கொண்டே, முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்றாள். கீழ்த்தளத்தில், நடையின் முடிவில், ஒரு பக்கம் தோட்டம் மட்டுமே உள்ள அறையின் சாவி அட்டையைக் கையில் கொடுத்தாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அட்டையை வாங்கிக்கொண்டு திரும்பினேன். இரண்டு நிமிஷ வேலைக்காகவா அம்மா அத்தனை வருஷம் பீலிக்கரையில் நனைந்தாள் என்று நெஞ்சு எரிந்தது.

இந்த நாட்டைத் தூக்கிவைத்துப் பேச வரவில்லை. தாரணிக்கு என்ன என்று ஒரு டாக்டர் வாயால் கேட்க நாங்கள் வருஷக்கணக்காகக் காத்திருந்தோம். கடையில் அவள் கத்தினால் மூஞ்சியைச் சுளிக்கிறவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள். எங்கள் தெருவில் அவள் பெயர் தெரிந்தவர்கள் இரண்டு வீட்டார்கூட இல்லை. வள்ளி அக்கா தேயிலைக்குள் ஓடினால் லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் போய்க் கூட்டிவருவார்கள். அவளுக்குச் சூடு ஆகாது என்று ஆறவைத்த தேத்தண்ணியோடு எந்த வீட்டிலும் ஒரு டம்ளர் இருக்கும். சத்தம் போட்டதும் அந்தச் சனம்தான், தேடிப்போனதும் அந்தச் சனம்தான். பதுளைப் பக்கம் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கும், என்னைப் போல வெளியே வந்துவிட்டவர்களுக்கும் இதில் எது பெரிது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. வீட்டில் இப்படியொரு பிள்ளை இருந்தால் படிவத்தில் உண்டு என்று எழுதுங்கள். அது ஒன்றைத்தான் நிச்சயமாகச் சொல்லுவேன்.

சனிக்கிழமை தாரணி அந்த ரயிலில் ஏழு தடவை போனாள். சிரிக்கவில்லை, கத்தவுமில்லை. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் என் கையை எடுத்து இருக்கையின் கம்பியில் வைத்தாள், இன்னொன்று என்று. மத்தியானம் அறைக்குத் திரும்பி, சன்னலுக்குக் கீழே படுத்துக்கொண்டு படப் புத்தகத்தைப் புரட்டினாள். புஷ்பா உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். ஊரில் அப்போது இரவுச் சாப்பாட்டு நேரம். நான் அப்பாவை அழைத்தேன். அவரும் வள்ளி அக்காவும் இன்னமும் அதே நடுக் காம்பராவில்தான் இருக்கிறார்கள். அறை மாற்றிக் கேட்ட கதையைச் சொன்னேன். தொங்கல் காம்பரா மாதிரி ஒன்று, கேட்டவுடனே கொடுத்துவிட்டார்கள் என்றேன்.

அப்பா “தொர ஒண்ணும் ஏசலயா?” என்று கேட்டார்.

“இங்க தொர கெடையாதுப்பா. ஒரு அம்மாதான் இருந்தாங்க. ஏசல.”

“ஏசலயா?” என்று மறுபடியும் கேட்டார். அவருக்கு எண்பதாகப் போகிறது. “அப்ப நானும் கேட்டிருக்கலாமோ தம்பி?”

அந்தக் காலம் வேறு என்று சொல்லலாம். அது உண்மையும்தான். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அங்கே பக்கத்து வீட்டு டிவி அலறியது, யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள், நாய் குரைத்தது. பத்து வீட்டுச் சத்தமும் தொலைபேசி வழியாக அந்த அறைக்குள் வந்து விழுந்தது. தாரணி தலையைத் தூக்கினாள். அவள் கைகள் மெல்லக் காதுக்குப் போயின. நான் தொலைபேசியை நெஞ்சோடு பொத்திக்கொண்டு, ஓசைப்படாமல் கதவைத் திறந்து வெளியே வந்து சாத்தினேன். நீண்ட, காலியான நடை. மூடிய கதவில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டு லயத்தைக் காதில் வைத்தேன். அப்பா இன்னும் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.