பாட்டு முடிந்த பிறகும் பாடியவன்

எங்கள் இசைக்குழுவில் நான்கு பேர். நான்தான் பாடகன். நாங்களே எழுதி மெட்டுப் போட்டு, சேலத்தில் ஒரு ஸ்டுடியோவில் பதிவு செய்த பாட்டு ஒன்று செல்போன்களில் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் என் குரல் தேன். ஒவ்வொரு வரியையும் இருபது தடவை பாடவைத்து, தேறியதை மட்டும் எடுத்து ஒட்டிய தேன்.

அதைக் கேட்டுத்தான் ராசிபுரம் பக்கத்துப் பெண் ஒருத்தி என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயமும் ஆனது. அடுத்த வாரமே வெண்ணந்தூர்த் திருவிழாவில் எங்கள் கச்சேரி. குடும்பத்தோடு வருவதாக அவள் சொன்னாள். நேரில் கேட்டால் மனசு மாறிவிடுவாளோ என்று எனக்குப் பயம்.

எங்கள் பக்கத்தில் நிகழ்ச்சி தொடங்கும்வரை, ஒலிபெருக்கி கட்டும் ரேடியோ செட்காரர் பாட்டுப் போடுவது வழக்கம். அன்று சாயங்காலம் முழுக்க எங்கள் பாட்டையே போட்டுத் தள்ளினார். நல்ல மனிதர். நான் மேடையேறி அந்தப் பாட்டைத் தொடங்கி, இரண்டாவது வரியிலேயே குரல் பிசிறியதும் இரக்கப்பட்டு, செல்போனில் இருந்த அதே பாட்டை அதே வரியிலிருந்து கூடவே ஓடவிட்டார்.

அவருக்கு எங்கள் டிரம்ஸ்காரனைத் தெரியாது. ஸ்டுடியோவில் காதுக்குள் டிக் டிக் என்று தாளம் ஓடினால் ஒழுங்காக வாசிப்பான். கூட்டத்தைப் பார்த்துவிட்டால், கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி அடிப்பான். அவனைத் துரத்திக்கொண்டே நானும் பாடி முடித்துவிட்டேன். பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடிக்கிறேன். ஒலிபெருக்கியிலோ கடைசிச் சரணத்தை உருகி உருகிப் பாடிக்கொண்டிருக்கிறேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசையில் அவள் வீட்டார் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

போன மானம் போனதுதான் என்று, செட்காரரை நிறுத்தச் சொல்லிவிட்டு அதே பாட்டைப் பிசிறோடு மறுபடி பாடினேன்.

முடிந்ததும் அவளே மேடைப் பக்கம் வந்தாள். இனி ஒளிக்க என்ன இருக்கிறது?

"ரெண்டாவதா பாடுனேனில்லீங்க, அதுதான் என் குரல். புடிக்கலைன்னா இப்பவே சொல்லிடுங்க" என்றேன்.

"செல்லுல பாடறவரு மூச்சே உடறதில்லீங்க" என்றாள் அவள். "அந்த ஆளோட எப்படிக் குடும்பம் பண்றதுன்னு நானும் பயந்துக்கிட்டுத்தான் இருந்தேன்."