சகலையின் நீலப் பாட்டில்

என் சகலை, அதாவது என் மனைவியின் அக்காள் கணவர், ஒரு மருந்து பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டிய காலைதான் முதலில் ஞாபகம் வருகிறது. விரல் உயரம். வாய் கொஞ்சம் கோணல். அடியில் தொப்புள் மாதிரி ஒரு வடு. கண்ணாடியை ஊதிச் செய்து, ஊதுகுழாயிலிருந்து உடைத்தெடுத்தவர்கள் விட்டுப்போனது. கண்ணாடிக்குள் ஒரு குமிழி மாட்டிக்கொண்டிருந்தது. "இது ஊதுனவனோட மூச்சுங்க சகலை. ஆளு போயி எத்தனையோ காலமாச்சு, மூச்சு மட்டும் இதுக்குள்ளயே கெடக்குது" என்றார். நான் சத்தமாகச் சிரித்தேன். சிரித்து முடித்துவிட்டு, அந்தப் பாட்டில் இருக்கிற அறையில் மட்டும் எனக்குப் படுக்கை போட வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சகலை கோவையில் ஒரு பஞ்சாலையில் மேஸ்திரி. பழைய பாட்டில் சேர்ப்பதில் பைத்தியம். லீவு நாளென்றால் உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் குந்திக்கொண்டிருப்பார். அங்கே சரக்கு வற்றியதும் தோட்டம் தோட்டமாகக் கிளம்பினார். பழைய துணிக்குப் பாத்திரம் போடுகிறவர்களின் முறைதான் அவருக்கும். பழைய பாட்டிலுக்குப் பதிலாக மூடி போட்ட புதுப் பாட்டில் தருவார். உள்ளே இருப்பதைத் தானே புதியதில் ஊற்றி, துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தும் விடுவார். புதுப் பாட்டில்கள் நிறைந்த பையைச் சுமப்பது என் உத்தியோகம்.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை காங்கேயத்துக்கு இந்தப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுக்குப் போனோம். வீட்டுக்காரர் கடலைச் செடி பிடுங்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் மனைவி முன்னாலேயே கடலைக் காட்டுக்குப் போயிருந்தார். அலமாரியில் இரண்டு பழைய பாட்டில்கள். ஒன்றில் விளக்கெண்ணெய். இன்னொன்று கருநீலம், உடம்பெல்லாம் மேலிருந்து கீழாக வரிவரியாகப் புடைத்திருந்தது. அதில் மாட்டு உண்ணிக்கு எண்ணெயில் கலக்கிய விஷ மருந்து. சகலை அந்த நீலத்தைக் கேட்டதும் வீட்டுக்காரர் உள்ளே திரும்பி ஒருமுறை பார்த்தார். உள்ளே கைக்குழந்தை தூங்கும் தூளியருகே பார்வை போன அவருடைய பெரியம்மா உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வந்தார். வீடு தேடி வந்தவர் வாய்விட்டுக் கேட்டதை இல்லை என்று சொல்லும் பழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. "எடுத்துக்குங்க, அதுக்கென்னங்க" என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டார். சகலை இரண்டையும் ஒரே அளவுப் புதுப் பாட்டில்களில் கழுத்துவரை ஊற்றி, ஒரே துணியால் துடைத்துப் பக்கம் பக்கமாக வைத்தார்.

கோவை பஸ்ஸில் சகலை நீலப் பாட்டிலை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு தடவிக்கொண்டே வந்தார். திடீரென்று அவர் விரல் ஒரு வரியின் மேல் நின்றது. "சகலை, இந்த வரி அழகுக்குப் போட்டதில்லீங்க. இருட்டுல கை வெச்சாலும் வெசம்னு தெரியறதுக்குப் போட்டது" என்றார். வரியை இன்னொரு முறை தடவிவிட்டு, "அந்தப் பெரியம்மாளுக்கு எந்நேரமும் இருட்டுதானுங்களே" என்றார்.

எனக்கு உடனே இன்று சனிக்கிழமை என்பது உறைத்தது. குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற நாள். உச்சியில் ஒரு கை விளக்கெண்ணெய், நாக்கில் ஒரு சொட்டு.

பீதி வந்தால் சிலர் அழுவார்கள், சிலர் ஓடுவார்கள். நான் வேண்டுதல் வைப்பவன். சிவன்மலை முருகனுக்கு மொட்டை என்றேன். எனக்கு அப்போதே பாதித் தலை காலி என்பதால் சகலையின் தலையையும் சேர்த்துக்கொண்டேன். பல்லடம் வரை வண்டி நிற்காது என்றார் கண்டக்டர். வயிற்றால் போகிறது என்று நான் சொன்னதும் மறுபேச்சில்லாமல் விசில் அடித்தார். அது முழுப் பொய்யும் அல்ல.

எண்ணெய் மில்லுக்குப் போகும் டெம்போ ஒன்றில், தேங்காய்க் குவியலின் மேல் உட்கார்ந்து திரும்பினோம். தோட்டத்துக்குப் போகும் வேலிப் பாதையான இட்டேரியில் இறங்கி ஓடும்போதே குழந்தையின் அழுகை கேட்டது. எனக்கு உயிர் வந்தது. வாசலை நெருங்கும்போது அழுகை சட்டென்று நின்றது. கதவு சாத்தியிருந்தது. அந்த நேரத்திலும் நான் கதவைத் தள்ளவில்லை, வெளியே நின்று "ஏனுங்க, உள்ள வரலாங்களா?" என்று கேட்டேன். சகலை என்னை இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே போனார்.

குழந்தை பெரியம்மாவின் நீட்டிய கால்களில் கிடந்தது. தலையெல்லாம் எண்ணெய். கண் மூடியிருந்தது. உதடும் பளபளத்தது.

"யாருங்க, பாட்டில்காரரா? சளியில மூக்கு அடச்சுக் கெடக்குது, வாசமும் தெரியல. ரெண்டும் ஒண்ணாட்டவே இருந்துச்சு. எதையோ ஒண்ண எடுத்துத் தேச்சுப்போட்டேன் கண்ணு."

இரண்டு பாட்டில்களில் ஒன்று மட்டும் குறைந்திருந்தது. சகலை அதை மோந்து பார்த்தார். ஒரே துணியால் துடைத்ததில் இரண்டும் ஒரே நாற்றம். நான் பேச வாயெடுப்பதற்குள் அதைத் தன் உள்ளங்கையில் ஊற்றி நக்கினார். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தையும் குழந்தையின் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வயிறு ஏறி இறங்கியது, தூங்கியிருக்கிறது.

"வெளக்கெண்ணெய்தானுங்க" என்று சொல்லி சகலை தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மற்றதை நீலப் பாட்டிலில் திருப்பி ஊற்றிப் பெரியம்மாவின் கையில் கொடுத்தார். பாட்டில் ஒழுகுகிறது, எங்களுக்கு வேண்டாம் என்று நான்தான் ஒரு பொய் சொன்னேன். வந்ததற்கு மோர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார் பெரியம்மா. சகலை குடித்தார். நான் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு வீட்டில் மோரை மறுத்தேன்.

அதன் பிறகு சகலை பாட்டில் தேடிப் போகவில்லை. எதையும் கிண்டலாக்கிவிடுகிற எனக்கு அதில் மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை.

போன வருடம் கோவையில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சகலை கிடந்தபோது, அவரே அந்தப் பேச்சை ஆரம்பித்தார். "சகலை, அந்தம்மா அடுத்த பாட்டில எடுத்திருந்தா?"

"எடுக்கலீங்களே" என்றேன்.

"எடுத்தது அந்தம்மா கைங்க. வெச்சது என்னோட கைங்க."

நர்ஸம்மா ஒரு சின்னப் பிளாஸ்டிக் குப்பியில் மருந்து கொண்டுவந்தார். சகலை அதை வாங்கி மோந்து பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். நானும் மோந்து பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன்.