ஹாரனுக்காக ஒரு கார்

என் அண்ணனுக்கு எதற்குக் கார் என்று எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது. மருந்து மொத்தக்கடையில் பெட்டிகளைச் சரிபார்க்கும் வேலை. வீட்டில் அண்ணியும் அவரும் மட்டும். பிள்ளை குட்டி கிடையாது.

“கடன் வாங்கிக் கார் வாங்கி எங்க போகப் போறே?” என்று கேட்டேன்.

“பஸ்ஸுக்குக் கை காட்டினா நிக்க மாட்டேங்குதும்மா. கார்ல ஹாரன் இருக்கும். அடிச்சா திரும்பிப் பார்ப்பாங்கல்ல?”

சிரித்துத் தொலைத்தேன். ஆனால் விஷயம் சிரிக்கிற மாதிரி இல்லை. சின்ன வயதிலிருந்தே யார் எதைச் சொன்னாலும் மறுத்துப் பேச மாட்டார். பெயரை மாற்றிக் கூப்பிட்டால் அந்தப் பெயருக்கே “சொல்லுங்க” என்பார். கர்மம்! ஒருமுறை இவர் உள்ளே இருக்கும்போதே கிடங்கைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கதவையாவது தட்டினாரா? பூட்டினவருக்குச் சங்கடமாக இருக்குமாம். விடியும்வரை பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். அன்று ராத்திரி அண்ணியும் அவரைத் தேடவில்லை.

வங்கியில் சம்பள விவரமெல்லாம் சரியாக இருந்தது. வீட்டைச் சரிபார்க்க ஆள் அனுப்பினார்கள். வீடு பூட்டியிருக்கவே, அவன் அக்கம்பக்கத்தில் விசாரித்திருக்கிறான். எதிர்வீட்டிலும் கீழ்வீட்டிலும் ஒரே பதில்தான்: “அங்க ஒரு அம்மா தனியா இருக்காங்க.” தெருமுனை மளிகைக்கடைக்காரரும் அதையே சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் தினமும் பால் வாங்குவது என் அண்ணன்!

இன்னொரு தடவை ஆள் வருவான், அப்போதும் இல்லையென்றால் கடன் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் முகம் செத்துப்போனது.

“கார் போனா போகட்டும்மா. நான் இங்க இருக்கேன்னு ஒருத்தர் எழுதிட்டாப் போதும்” என்றார்.

அவன் வருவதாகச் சொன்ன சனிக்கிழமை நானே போய் உட்கார்ந்துகொண்டேன். “வாயைத் திறந்து நான்தான்னு சொல்லு. வேற எதுவும் பேசாதே” என்று படித்துப் படித்துச் சொன்னேன். அண்ணன் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, காலையிலிருந்து வாசலுக்கு நேரே நாற்காலியில் இருந்தார். மின்விசிறி என் தலைமயிரைக் கலைத்தது; அவருடையது மட்டும் படிந்தே கிடந்தது. நிறைய எண்ணெய் வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

வங்கி ஆள் வந்தான். அண்ணி ஈரக்கையைத் துடைத்தபடி சமையலறையிலிருந்து வந்தாள்.

“சார் இருக்காரா?”

அண்ணி நாற்காலியைப் பார்த்தாள். நேராகத்தான் பார்த்தாள்.

“அவர் இன்னும் வரலீங்களே.”

விளையாடுகிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அண்ணிக்கு விளையாட்டெல்லாம் தெரியாது.

அவன் அண்ணன் பக்கம் திரும்பினான். நல்லவேளை, இவன் கண்ணுக்காவது தெரிகிறாரே!

“அப்ப நீங்க யாருங்க?”

அண்ணன் வாயைத் திறந்தார். அண்ணியை ஒரு பார்வை பார்த்தார். சொல்லித் தொலையேன் என்று என் மனசு அடித்துக்கொண்டது.

“அவர் இல்லீங்க” என்றார் மெதுவாக. “நானும் அவருக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்.”

“அண்ணா!” என்று கத்தினேன்.

அண்ணி திரும்பினாள். வங்கி ஆளும் திரும்பினான். அண்ணன் மட்டும் திரும்பவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.