பரப்புக்கு வைத்த மிக்ஸி

எழுபதுகளின் தொடக்கத்தில் காரைக்குடியில் ஒரு மின்சாமான் கடையில் வேலை பார்த்தேன். பி.ஏ. படித்தவன் என்பதால் விளம்பரம் எழுதுவதும் என் பொறுப்பு. மிக்ஸி புதிதாக வந்தபோது, சினிமாக் கொட்டகையில் படத்துக்கு முன் காட்டும் ஸ்லைடுக்கு இப்படி எழுதிக் கொடுத்தேன்: 'அம்மியில் அரைத்தது போதும். உங்கள் இல்லத்தரசியின் கைக்கு ஓய்வு கொடுங்கள்.'

அது நன்றாக எடுபட்டது. தேவகோட்டையிலிருந்தும் கொத்தமங்கலத்திலிருந்தும் பஸ் ஏறி வந்து வாங்கினார்கள். ஆனால் பலர் சமையலுக்கு வாங்கவில்லை, பெண்ணின் கல்யாணத்துக்கு வாங்கினார்கள். பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களைக் கல்யாணத்தன்று எல்லாரும் பார்க்கப் பரப்பி வைப்பது எங்கள் வழக்கம். அதற்காகப் பல வருஷம் முன்பே வாங்கிச் சேர்ப்போம்.

நானும் ஒன்று வாங்கிப் பரணில் வைத்தேன். எங்களுக்கு இரண்டு பெண்கள். மூத்தவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

என் மனைவிக்கு வலது தோளில் வலி. மிளகாய் அரைத்த நாளில் அந்தக் கையால் அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுக்க முடியாது.

"ஒரு தடவை அரைச்சுட்டுத் தொடைச்சு வச்சுட்டா யாருக்குத் தெரியப்போகுது?" என்று கேட்டாள்.

"மசாலா வாடை போகாது. சம்பந்தி வீட்ல மோந்து பாத்துட்டுப் பழசைப் பரப்பியிருக்காகன்னு பேசுவாக."

"சம்பந்தி யாருன்னே இன்னும் தெரியல. அதுக்குள்ள அவுக மூக்கு மட்டும் வந்துருச்சாக்கும்."

சிரித்தேன். பெட்டியைப் பிரிக்கவில்லை.

ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண் என் மனைவியைக் கேலி செய்தது உள்ளே இருந்த என் காதில் விழுந்தது.

"மிக்ஸி விக்கிறவுக வீட்ல அம்மியில அரைக்கிறீகளே ஆச்சி, அவுக எழுதுனத நீங்க படிக்கலையா?"

"என்னைய எந்தக் கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போனாக, படிக்கிறதுக்கு?"

நான் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன்.

ஏழு வருஷம் கழித்து மூத்தவளுக்குக் கல்யாணம் நடந்தது. எவர்சில்வர் அடுக்குகளுக்கு நடுவே மிக்ஸியையும் வைத்தோம். மாப்பிள்ளையின் தாயார் பார்த்துவிட்டு, "எங்க வீட்ல ரெண்டு கெடக்கு. இது பழைய மாடல் வேற. இங்கயே வச்சுக்கங்க" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை.

மறுநாள் பெட்டியை அடுக்களைக்கு எடுத்துப் போய், நானே அதன் கயிற்றை அவிழ்த்தேன். அதற்குள் மனைவியின் வலது கை தோளுக்கு மேல் எழும்பாமல் ஆகியிருந்தது. இடது கையால் பெட்டியை மூடினாள்.

"வெளிய எடுக்காதீக. சின்னவளுக்கு ஆகும்."

"பழசுன்னு சொன்னாகளே."

"அவளுக்கு வர்றவுகளும் அப்படியே சொல்வாகளா என்ன?"

இது உனக்குத்தான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை என்று எழுதினால் அது பொய். சின்னவளுக்கு இன்னொன்று வாங்கும் செலவு மிச்சம் என்றுதான் அந்த நேரத்தில் தோன்றியது. கயிற்றை இறுக்கிக் கட்டிப் பெட்டியை மறுபடி பரணில் ஏற்றினேன்.