சோற்றைப் புதைத்த பூனை

அந்தப் பூனை எங்கள் வீட்டுக்கு வந்தது கூலரின் குளிர்ச்சியைத் தேடித்தான். எழுபதுகளின் நடுவில் ஒரு கோடை அது. ஹைதராபாத்தின் வடக்கு ஓரத்தில், மின்னணுத் தொழிற்சாலைக்காரர்களுக்கென்று கட்டிய குடியிருப்பில் எங்களுக்குக் கீழ்வீடு கிடைத்திருந்தது. பின்கதவைத் திறந்தால் பாறைகள். ஒன்றின் மேல் ஒன்றாக வீட்டுயரத்துக்கு நின்றன. இடையிடையே சீத்தாப்பழச் செடிகள். மே மாத வெயிலில் அந்தப் பாறைகளையே பார்த்துக்கொண்டிருந்தால், அவை மெல்ல மூச்சு விடுவது போலத் தோன்றும். கணவர் காலை பஸ்ஸில் வேலைக்குப் போய்விட்டால் சாயங்காலம் சங்கு ஊதும்வரை வீட்டில் கூலரின் இரைச்சலும், அதில் நனைந்த வெட்டிவேரின் வாசனையும், நானும், மாமனாரும் மட்டும்தான்.

மாமனார் அந்த வருடம் தை மாதம்தான் திருநெல்வேலியிலிருந்து எங்களோடு வந்திருந்தார். மார்கழியில் மாமியார் தவறிப்போயிருந்தார். மாமனார் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்; சுத்த சைவம். வந்த நாளிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சண்டையும் கிடையாது, குறையும் கிடையாது. உட்காருவார், இரண்டு வாய் வைப்பார், தண்ணீர் குடித்துவிட்டு எழுந்துவிடுவார். "நல்லாத்தான் செஞ்சிருக்கம்மா. எனக்குத்தான் இறங்க மாட்டேங்கு" என்பார். சட்டைக் கழுத்து அவருக்கு நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே வந்தது.

ஒரு மத்தியானம் கூலருக்கு அடியில், தண்ணீர் சொட்டி ஈரமாயிருந்த தரையில், சாம்பல் நிறத்தில் ஒரு பூனை படுத்திருந்தது. வயிறு மட்டும் வெள்ளை. எங்களைப் பார்த்து எழுந்திருக்கக்கூட இல்லை. எலும்பெல்லாம் தெரிந்தது. நான் ஒரு கிண்ணத்தில் பால் வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தயிர்சாதம் பிசைந்து வைத்தேன். அதன் முன் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு முன்னங்காலால் தட்டைச் சுற்றித் தரையைப் பிராண்ட ஆரம்பித்தது. சிமெண்டுத் தரையில் இல்லாத மண்ணை இழுத்து இழுத்துத் தட்டின் மேல் போட்டது.

சாய்வு நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். மாமனார் சிரித்துக்கொண்டிருந்தார். வந்ததிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

"உன் தயிர்சோத்தைப் புதைக்குது பாத்தியாம்மா" என்றார்.

அன்று முதல் பூனையின் சாப்பாடு அவர் பொறுப்பாயிற்று. இட்லியை வெண்ணெயில் தொட்டு வைத்துப் பார்த்தார். பருப்புச் சாதத்தில் நெய் விட்டுப் பார்த்தார். ரொட்டியைப் பாலில் ஊறவைத்தார். எல்லாவற்றையும் அது முகர்ந்து பார்த்துவிட்டு, நிதானமாகப் புதைத்தது. இரவில் பாறைப்பக்கம் போய் ஓணானோ எலியோ பிடித்துத் தின்கிறதோ என்னவோ, செத்துப்போகவும் இல்லை, தேறவும் இல்லை. பகலெல்லாம் கூலரடியில் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் கிடந்தார். இரண்டு பேரும் கண்ணை மூடியிருப்பார்கள். அந்த இரைச்சலில், அரைவெளிச்சத்தில், வீடே தண்ணீருக்கடியில் மிதப்பது போலிருக்கும்.

அடுத்த வீட்டு அக்காதான் வழி சொன்னாள். பிரிட்டிஷ்காரர்கள் காலத்திலேயே வேலூரிலிருந்து செகந்திராபாத்துக்கு வந்துவிட்ட குடும்பம் அவளுடையது. அவளுடைய தமிழில் உருது கலந்திருக்கும். 'நக்கோ' என்றால் வேண்டாம், 'கைக்கு' என்றால் எதற்கு, 'ஹவ்' என்றால் ஆமாம் என்று எனக்குப் பிடிபடச் சில மாதங்கள் ஆயின.

"கைக்கு ஐயா இப்படிக் கஷ்டப்படுறீங்க? பாலும் தயிரும் அதுக்கு நக்கோ. மீன் போட்டுப் பாருங்க" என்றாள்.

நான் மாமனாரின் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை. அவர் குனிந்து பூனையின் விலா எலும்புகளைப் பார்த்தார்.

"மீன் எங்க கிடைக்கும்?" என்று கேட்டார்.

"திருமுல்கேரி மார்க்கெட்ல. நான் சனிக்கிழமை போறேன். வர்றீங்களா?"

"ஹவ்" என்றார் மாமனார். அந்தச் சொல் அவர் வாயில் எப்படி வந்ததென்று அவருக்கே தெரியவில்லை. அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

சனிக்கிழமை விபூதி பூசிக்கொண்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, அக்கா கொடுத்த பையோடு பஸ் ஏறினார். மார்க்கெட்டில் துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு, வேறு பக்கம் பார்த்தபடியே, "சின்னதாக் குடுங்க, முள்ளு கம்மியா இருக்கட்டும்" என்று கேட்டாராம். மீன்காரருக்குத் தமிழ் தெரியாது. அக்கா சொல்லி வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

பச்சை மீனைப் பூனை தொடவில்லை. புதைத்தது.

"வேகவைக்கணும் போலிருக்கு" என்றார். அடுப்பு பற்றவைத்தே அறியாதவர். அக்காவிடம் ஒரு பழைய அலுமினியச் சட்டியும் திரி ஸ்டவ்வும் வாங்கி, கொல்லைப்புறத்தில் பாறை நிழலில் வைத்துக்கொண்டார். நான் சமையலறை வாசலில் நின்றபடி திரியை எப்படி ஏற்றுவது, எவ்வளவு தண்ணீர் வைப்பது என்று சொன்னேன். புகை அவர் முகத்தில் அடித்தது. வெந்ததும் விரலால் முள்ளெடுத்தார். ஆறிப்போயிருந்தது; பூனை திரும்பிக்கொண்டது. மறுபடி சுடவைத்தார். மிதமான சூட்டில், தட்டில் வைக்காமல், தன் காலடியில் கல்லின் மேல் வைத்தார். பூனை அவரை ஒருமுறை அண்ணாந்து பார்த்தது. பிறகு குனிந்து தின்றது. கடைசித் துணுக்குவரை தின்று கல்லை நக்கியது.

அவர் அசையாமல் குந்தியிருந்தார். கண்ணில் நீர் நின்றது. புகையாக இருக்கலாம்.

சாயங்காலம் கணவர் வாசனையில் மூக்கைச் சுளித்தார். விஷயத்தைக் கேட்டதும் குரல் உயர்ந்தது.

"என்னப்பா இது? அம்மா இருந்திருந்தா இந்த வீட்டுல மீன் வெந்திருக்குமா?"

"அவ இருந்திருந்தா அந்தப் பூனைய இம்புட்டு நாள் பட்டினி போட விட்டிருக்க மாட்டா. மொத நாளே வாங்கியாரச் சொல்லியிருப்பா" என்றார் மாமனார்.

கணவர் உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு, பின்வாசலில் வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். பாறைகளின் மேல் வெளிச்சம் சிவந்து, ஊதாவாகி, போகும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள்.

கோடை முடிந்து மழை தொடங்கிய ஒரு நாள், மத்தியானம் படுத்தவள் நன்றாகத் தூங்கிவிட்டேன். தூக்கத்தில் தேங்காய்ப்பால் கொதிக்கிற வாசனை வந்தது. இஞ்சி வாசனை வந்தது. மாமியார் சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். நான் புதுப்பெண்ணாகப் போன வீட்டில், மறுவீட்டுச் சாப்பாட்டுக்குச் சொதி வைத்துக்கொண்டிருந்தார். எழுந்து போய் உதவி செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கிடந்தேன், உடம்பு எழவில்லை. வளையல் சத்தம் மட்டும் கேட்கவில்லை. அதுதான் என்னை எழுப்பியது.

சமையலறையில் மாமனார் நின்றிருந்தார். முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் பாலில் கொதித்துக்கொண்டிருந்தன. தேங்காய்த் துருவல் தரையெல்லாம் சிந்திக் கிடந்தது.

"உங்களுக்குச் சொதி வைக்கத் தெரியுமா மாமா?"

"அவ வைக்கையில பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டே இருப்பேன். அப்பப் பாத்ததுதான்."

கணவர் நனைந்துகொண்டு வந்ததும் மூவரும் உட்கார்ந்தோம். ஒரு வாய் வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. உப்பே போடவில்லை. பூனைக்கு உப்பில்லாமல் சமைத்துச் சமைத்து அவர் கைக்கு உப்பு மறந்துபோயிருந்தது. கணவரைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் என்று தட்டை நீட்டினார். மாமனாரும் சாப்பிட்டார். இரண்டாவது முறை சோறு வாங்கிக்கொண்ட பிறகுதான் நிமிர்ந்து, "உப்பு இல்லையோ?" என்றார்.

"கொஞ்சம் கம்மி" என்றார் கணவர்.

மாமனார் உப்பைக் கிள்ளிப் போட்டுப் பிசைந்து, முழுவதையும் சாப்பிட்டு முடித்தார்.

அந்தப் பூனை இன்னொரு கோடையும் எங்களோடு இருந்தது. நன்றாகச் சதை போட்டு, வயிறு ஆட ஆட நடந்தது. பிறகு ஒரு மழைக்காலத்தில் பாறைகளுக்குப் பின்னால் போனது திரும்பவில்லை. மாமனார் ஒவ்வொரு பாறையிடுக்காகப் போய்க் குனிந்து பார்த்தார். மீனை வேகவைத்துக் கல்லின் மேல் வைத்துவிட்டுக் காத்திருந்தார். சில நாள் கழித்து அதையும் நிறுத்திவிட்டு, அலுமினியச் சட்டியைத் தேய்த்து, ஸ்டவ்வோடு அக்காவிடம் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் அவர் படுத்தே கிடப்பார் என்று பயந்தேன். காலையில் குளித்து, வேட்டி கட்டி, என்னிடம் வந்து நின்றார்.

"நாளைக்கு அவனுக்கு லீவுல்லாம்மா. என்ன காய் வாங்கியாரட்டும்?"

கத்திரிக்காய் என்றேன். மழை விட்டிருந்தது. பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சேற்றில் வழுக்காமல் பார்த்துப் பார்த்து பஸ்ஸுக்கு நடந்தார்.