கொழுந்தனார் ஊத்தின எண்ணெய்

இன்னைக்கும் பாலவாக்கம் போகல.

அங்க மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கு. இடுப்பு உடைஞ்ச என் வீட்டுக்காரரால ஆட்டோவுல ஏற முடியாது. பெரியவன் ஜப்பான்லேர்ந்து அனுப்பின கார்தான் கதி. அது ஒவ்வொரு சிக்னல்லயும் நடுங்கி நின்னுபோகுது.

காலையில மயிலாப்பூர் மெக்கானிக் பாய் வந்து இன்ஜினைத் திறந்தார். உள்ளே எண்ணெய் கறுப்பா, களி மாதிரி.

"இன்னாம்மா, அம்பாசிடர் எண்ணெயை ஊத்திக்கீறீங்க? இந்த வண்டியில இன்ஜினுக்குக் காத்து விடுற வால்வு தொறக்கிற நேரத்தையே எண்ணெய்தான் மாத்துது. தண்ணியாட்டம் ஓடணும். அது போற வழியில சின்ன சல்லடை ஒண்ணு கீது, அடைச்சுக்கிச்சு."

ஊத்தினது என் கொழுந்தனார். "மெட்ராஸ் வெயிலுக்குக் கெட்டி எண்ணெய்தான் அண்ணி தாங்கும்"னு சொன்ன வாயை நான் மறக்கல. என் கல்யாணத்துல பாயசம் கெட்டியா இருக்குன்னு ஒரு குடம் தண்ணி ஊத்தினதும் இதே கைதான்.

பாய் சல்லடையைக் கழுவி மாட்டி, ஓட்டிப் பார்த்தார். அதே நடுக்கம்.

"உள்ள பல்சக்கரமும் இறுகிக்கிச்சும்மா. சாமான் இங்க கிடைக்காது, ஜப்பான்லேர்ந்துதான் வரணும்."

"பேரனைப் பாக்கணும் பாய். எப்ப வரும்?"

"அதுக்குள்ள பேரனே நடந்து வந்துருவான்."

என் வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டு வாசல்லயே உட்கார்ந்திருந்தார். சட்டையைக் கழட்டிட்டுப் போய்ப் படுத்துட்டார்.

சாயங்காலம் கொழுந்தனார் வந்தார், கையில எண்ணெய் டப்பாவோட. "அண்ணி, அதைவிடக் கெட்டியா ஒண்ணு கிடைச்சுது."

நீங்களே சொல்லுங்க, இந்த ஆளுக்குக் காப்பி போடலாமா?